கறுவும் தினவும்: ‘டோட்டல் வார்: வார்ஹாமர்’ போர்த்தொடரின் மொழி

கணிப்பொறி விளையாட்டைப் படித்தற்குரிய பனுவலாகக் கொள்ளும் வழக்கம் தமிழ்த் திறனாய்வில் இன்னும் வேரூன்றவில்லை. விளையாட்டு என்பது கையால் ஆடப்படுவது. அதில் மொழிக்கு இடம் சிறிது என்னும் எண்ணமே இதற்குக் காரணமாதல் வேண்டும். பெரும்போர்த் திட்ட விளையாட்டுகளைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. அவற்றுள் ஆடுபவர் செய்யும் ஒவ்வொரு செயலும் ஒரு சொல்லின் வழியாகவே நடைபெறுகிறது. வரி, உடன்படிக்கை, முற்றுகை, பகை, அடைக்கலம் ஆகிய அனைத்தும் முதலில் சொற்களாகவே திரையில் வருகின்றன. எண்கள் அவற்றின் பின்னர் வருகின்றன.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் ‘டோட்டல் வார்: வார்ஹாமர்’ இங்கிலாந்தின் ஹார்ஷம் நகரிலுள்ள கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனத்தால் உருவாக்கப்பட்டுச் செகா நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. முதற்பகுதி 2016 மே மாதத்திலும், இரண்டாம் பகுதி 2017 செப்டம்பரிலும், மூன்றாம் பகுதி 2022 பிப்ரவரியிலும் வெளிவந்தன. மூன்றன் நிலப்பரப்பையும் ஒன்றாக இணைத்த ‘இம்மார்ட்டல் எம்பயர்ஸ்’ 2022 ஆகஸ்டில் வந்தது. இதற்கு அடிப்படை, கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் 1983இல் வெளியிட்ட மேசைப்போர் விளையாட்டு. சிறு படிமங்களை அணிவகுத்து ஆடப்படுவது அது. கணிப்பொறி வடிவத்தில் ஆடுபவர் ஓர் அணியின் தலைமையை ஏற்று, நிலப்படத்தின்மீது முறை வைத்துப் படைகளை நகர்த்துகிறார். இரு படைகள் எதிர்ப்படும்போது ஆட்டம் போர்க்களத்திற்கு இறங்கி, முறையின்றித் தொடர்ந்து ஓடுகிறது. இவ்வாறு நூறு முறைகளுக்கு மேலும் நீளக்கூடிய முழு ஆட்டமே ‘கேம்பெயின்’ எனப்படுகிறது.

இச்சொல்லே மொழிபெயர்ப்பாளரின் முதல் தடை. ‘படையெடுப்பு’ என்பது ஒரு செலவை மட்டும் சுட்டும். ஆனால் இவ்விளையாட்டில் ஒரே ‘கேம்பெயினுக்குள்’ பல படையெடுப்புகள் நிகழ்கின்றன, அமைதிக்காலமும் உண்டு. ‘திக்குவிசயம்’ நெருங்கி வருகிறது. எனினும் அச்சொல் வெற்றியை முன்னரே உறுதி செய்துவிடுகிறது. தோற்கவும் கூடிய ஆட்டத்திற்கு அது பொருந்தாது. ‘போர்த்தொடர்’ என்பது அழகிய சொல்லன்று, ஆயினும் பிழையற்றது. இக்கட்டுரை அதனையே ஆளுகிறது. ‘டர்ன்’ என்பதற்கு ‘முறை’ உண்டு. தாயக்கட்டமும் பல்லாங்குழியும் ஆடிய மொழிக்கு ‘காய்’, ‘வெட்டு’, ‘முறை’ ஆகியவற்றைப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

கறுவும் வஞ்சினமும்

முதற்பகுதியின் மிகச் சிறந்த மொழிப்படைப்பு குறளர்களின் பகைப்பதிவேடு. (ஆங்கிலத்தில் இவ்வினத்தாரின் பன்மைப் பெயருக்குத் தோல்கீன் தம் கதைகளில் ஆண்ட எழுத்தமைப்பை விடுத்து, அகராதி வழக்கையே வார்ஹாமர் பின்பற்றுகிறது. தம் குறளர் வேறு என்று காட்ட ஓரெழுத்தே போதியதாயிற்று.) இக்குறளர், தமக்கு இழைக்கப்பட்ட ஒவ்வொரு தீங்கையும் ஒரு பெருநூலில் எழுதி வைக்கின்றனர், அரசர் தம் குருதியால் அதனை எழுதுவதாகப் புனைவு கூறும். தீங்கு தீர்க்கப்பட்ட பின்னரே பதிவு அடிக்கப்படும். விளையாட்டில் எவரேனும் குறளரின் ஊரைக் கொள்ளையிட்டால், படைத்தலைவனைக் கொன்றால், அச்செயல் உடனே நூலில் ஏறுகிறது. அதனைத் தீர்த்தல் ஆடுபவரின் கடமையாகிறது.

இப்பதிவைக் குறிக்கும் சொல்லுக்கு ‘வஞ்சினம்’ என்னும் பெயர்ப்பு உடனே தோன்றும். அது தவறு. வஞ்சினம் எதிர்காலத்தை நோக்கியது: ‘இன்னது செய்யேனாயின் இன்னது ஆகுக’ என்னும் சூளுரை. குறளரின் பதிவோ இறந்தகாலத்தை விடாது பற்றுவது. தமிழில் இதற்கு நேர்ச்சொல் ‘கறுவு’. ஆறாத சினமும் நீங்காத பகையும் அதன் பொருள்கள். ‘கறுவுதல்’ என்னும் வினையும் உடன் நிற்கிறது. ‘கறுவேடு’ என்று சுருக்கிக்கொள்ளவும் கூடும்.

முதற்பகுதியில் கறுவேட்டின் பதிவு ஒரு சிறு கதையாக இருந்தது: யார், எங்கே, என்ன செய்தார் என்பது தெரிந்தது. 2024 ஏப்ரலில் வெளிவந்த மாற்றம், கறுவுகளை ஒவ்வொரு நிலத்தின்மீதும் படையின்மீதும் எண்ணிக்கையாக ஏற்றி, குறித்த காலச்சுற்றுக்குள் இத்தனை தீர்க்க வேண்டும் என்று அமைத்தது. ஆட்டம் என்ற நிலையில் அது செம்மை பெற்றது என்பதை மறுப்பதற்கில்லை. மொழி என்ற நிலையில் ஓர் இழப்பு நேர்ந்தது. எழுவாயும் பயனிலையும் உடைய வாக்கியமாக இருந்த பகை, பேரேட்டின் ஒரு தொகையாயிற்று. கறுவுகொண்டவன் தொகையை நினைப்பதில்லை, பெயரை நினைக்கிறான்.

இதனோடு தொடர்புடையது எண்சிகரக் கோட்டையின் நிலை. முன்னாளில் குறளர் இழந்த இக்கோட்டைக்கு மூவர் உரிமை கோருகின்றனர்: குறளர் தலைவன் பெலிகார், பசுந்தோலர் குழுவைச் சேர்ந்த ஸ்கார்ஸ்னிக், எலிமாந்தர் தலைவன் குவீக். மூவருக்கும் போர்த்தொடரின் இலக்கு அதுவே. முற்றுகை முடிந்தவுடன் திரையில் தோன்றும் கட்டளைகள் மூவருக்கும் ஒன்றே: கைக்கொள், சூறையாடிக் கைக்கொள், சூறையாடு, இடித்தழி. ஒருவனுக்கு அது மீட்பு, மற்றவனுக்குக் கவர்தல் என்னும் வேறுபாடு சொல்லில் இல்லை. தமிழ்ப் புறப்பொருள் மரபு இங்கு வேறு வழியில் சிந்தித்தது. ஆநிரையைக் கவர்தல் வெட்சி. கவர்ந்த நிரையை மீட்டல் கரந்தை. தொல்காப்பியம் இரண்டையும் வெட்சியுள் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித்திணையாக்கியது. செயல் ஒன்றாயினும் உரிமை வேறாயின் பெயரும் வேறாதல் வேண்டும் என்பது அம்மரபின் கருத்து.

ஆயினும் உழிஞை, நொச்சி, தும்பை என்று பொத்தான்களுக்கெல்லாம் பூப்பெயர் சூட்டும் ஆர்வம் அடக்கப்பட வேண்டும். நிரையே இல்லாத நிலத்தில் வரிவருவாயைப் பறிக்கும் படையை ‘வெட்சி’ என்பது அணிகலனேயன்றி மொழிபெயர்ப்பன்று. அம்மரபிலிருந்து கொள்ளத்தக்கது பெயர்ப்பட்டியலன்று, பாகுபாடு. பெலிகாரின் பொத்தானில் மட்டும் ‘மீட்டுக்கொள்’ என்று எழுதினால் போதும்.

பசுந்தோலர் பேச்சு

மொழியியலார்க்கு மிகவும் உறுத்தலாக அமைவது பசுந்தோலர்க்கு, சிறப்பாக ஆர்க்குகளுக்கு, அளிக்கப்பட்டுள்ள ஆங்கிலம். அது இலண்டன் உழைக்கும் மக்களின் காக்னி வழக்கைத் தழுவியது. பல்லொலி டகரமாகிறது, சொல்முதல் ஹகரம் கெடுகிறது. பேரரசின் மாந்தர் பொதுமொழி பேச, குறளரிடம் பெரும்பாலும் இங்கிலாந்தின் வடபுல ஒலிப்புச் சாயல் கேட்க, பச்சைத்தோலும் கோரைப்பல்லும் உடையவர்க்குத் தலைநகரின் எளிய மக்கள் மொழி வந்து சேர்ந்திருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. ‘பையன்கள்’ என்னும் பொருளுடைய ‘பாய்ஸ்’ என்பதன் இறுதியில் ஆர்க்குகளின் எழுத்துவழக்கு ஸகர எழுத்தை நீக்கி ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்தை இடுகிறது. ஆனால் அச்சொல்லின் ஈறு பொதுமொழியிலேயே குரலொலியாகத்தான் ஒலிக்கப்படுகிறது. எழுத்து மாறினும் ஒலி மாறுவதில்லை. ஆதலின் அம்மாற்றம் பேசுபவனின் ஒலிப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ‘இவன் எழுதப் படிக்க அறியாதவன்’ என்று மட்டுமே சொல்கிறது. கண்ணுக்கு மட்டும் காட்டப்படும் இத்தகைய கிளைமொழி, பதிவு அன்று, தீர்ப்பு.

இவ்விளையாட்டை முதலில் ஆடியவர் பிரித்தானிய இளைஞரே. அவருட் சிலர்க்கு அது தம் தெருவின் மொழியாகவும் இருந்திருக்கலாம். தன்னைத் தானே எள்ளும் நகையில் ஒருவகை அன்பும் உண்டு. அவ்வன்பு மொழிபெயர்ப்பில் கடக்காது. இழிவு மட்டுமே கடக்கும். தமிழில் இதனைப் பெயர்ப்பவர் முன் உடனே வந்து நிற்பது சென்னைப் பேச்சு. தமிழ்த் திரைப்படம் நெடுங்காலமாக அடியாளுக்கும் நகைப்புக்குரியவனுக்கும் அதனைக் கொடுத்துப் பழக்கியுள்ளது. தெலுங்கிலிருந்து ‘நைனா’வையும் உருதுவிலிருந்து ‘பேஜாரை’யும் ஏற்றுக்கொண்ட, மொழித்தொடர்பின் சிறந்த சான்றான ஒரு வழக்கு, அரக்கர் வாய்மொழியாகச் சுருங்கும். தென்மாவட்ட வழக்கையோ கொங்கு வழக்கையோ இட்டாலும் பிழை இடம் மாறுமே தவிர நீங்காது. தமிழ்க் கிளைமொழிகளிற் பல சாதியோடும் தொழிலோடும் பிணைந்தவை. அவற்றுள் எதனை ஆர்க்கிற்குத் தந்தாலும் அது யாரோ ஒருவரின் தாயின் மொழியாக இருக்கும்.

வேற்றுமையுருபும் விகுதியும் அற்ற உடைந்த தமிழைப் படைப்பது இரண்டாவது வழி. அதுவும் பாதுகாப்பானதன்று. திரைப்படத்தில் அயலாரையும் வெள்ளைத்துரையையும் காட்ட வழங்கும் அதே குறைமொழி அது. மூன்றாவது வழி ஒன்றுண்டு. ஆர்க்குகளின் நகை உண்மையில் ஒலிப்பில் இல்லை. அவற்றின் தருக்கத்தில் உள்ளது. எல்லாச் சிக்கலுக்கும் சண்டையே விடை என்னும் அசையா நம்பிக்கை அது. ‘அடித்தோம். இன்னும் அடிப்போம். அடிக்காதவன் எவன்? அவனையும் அடிப்போம்.’ இதில் இலக்கணம் பிழையற்றது; எந்த ஊரும் இதில் இல்லை; பேசுவது ஆர்க்கு என்பதில் ஐயமும் இல்லை.

அவ்வினத்தின் இரு கலைச்சொற்களுக்குத் தமிழ் இயல்பாகவே இடந்தருகிறது. முதற்பகுதியில் ஒவ்வொரு பசுந்தோலர் படைக்கும் ஒரு போர்வேட்கை அளவு உண்டு. அது உயர்ந்தால் உடன்படை ஒன்று தானே திரளும், தாழ்ந்தால் படையினர் தம்முள் அடித்துக்கொண்டு தேய்வர். ‘சண்டை’யின் ஆங்கிலச் சொல்லோடு பண்பு விகுதி சேர்த்த வேடிக்கையான ஆக்கம் அதன் பெயர். தமிழில் ‘தினவு’ என்றால் போதும். தோள் தினவெடுத்தவன் போரில்லையேல் பக்கத்திலிருப்பவனிடம் பாய்வான் என்பது விளக்கமின்றியே விளங்கும். போர்முழக்கமாகவும் பெருந்திரளின் பெயராகவும் மந்திர ஆற்றலாகவும் நிற்கும் ‘வாஅஅஃ’ மற்றொன்று. ஆங்கிலம் உயிரெழுத்தை மும்முறை அடுக்கிக் காட்டும் நீட்சியைத் தமிழ் அளபெடையால் நான்கு மாத்திரையாக எழுதும். இறுதியில் ஆய்தம் நிற்பது மரபன்று. ஆர்க்குகள் மரபுக்கு அஞ்சுபவை அல்ல.

எலிமாந்தர் வேறுவகைச் சிக்கல். அவர்கள் ‘ஆம் ஆம்’, ‘விரைவு விரைவு’ என்று சொல்லை இரட்டித்துப் பேசுவர். ஆங்கிலத்தில் அது விந்தை. அடுக்குத்தொடரை அன்றாடம் வழங்கும் தமிழில் அவ்விரட்டிப்பு எவர் செவியிலும் படாது. வேறொரு குறி தேடத்தான் வேண்டும்.

திணை

‘இவ்வணி அவ்வணிமீது போர் தொடுத்தது’ என்பது போர்த்தொடரில் ஓயாது வரும் செய்தி. பெயர்கள் இடைவெளிகளில் வந்து நுழைய, மற்றவை மாறாமல் நிற்கும் வகையில் இத்தகைய தொடர்கள் அமைக்கப்படுகின்றன. ஆங்கிலத்திற்கு இது எளிது. தமிழில் ‘பேரரசு தொடுத்தது’, ‘குறளர் தொடுத்தனர்’ என வினைமுற்றுத் திரியும். ‘பேரரசின்மீது’, ‘குறளர்மீது’ எனப் பெயரும் திரியும். உருசிய மொழியும் வேற்றுமையாலும் பாலாலும் இதே இடர்ப்பாடு உடையது. ஒவ்வொரு பெயருக்கும் எழுவாய் வடிவம், உருபேற்கும் வடிவம், திணைக்குறி ஆகிய மூன்றையும் சேர்த்து வைப்பதே முறையான தீர்வு.

திணைக்குறி இடும்போதுதான் உண்மையான வினா எழுகிறது. எலிமாந்தர் எத்திணை? கல்லறையிலிருந்து எழுந்த மன்னன் எத்திணை? மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் வைத்த நன்னூல் இங்கு வியப்பூட்டும் வகையில் உதவுகிறது. இவ்விளையாட்டின் நரகப்படையினர் அதன்படி உயர்திணையே. பொதுவழக்கோ சொல்லைப் பொறுத்து மாறுகிறது: ‘அரக்கன் வந்தான்’, ஆனால் ‘பேய் வந்தது’. ஆகவே எச்சொல்லைத் தேர்கிறாரோ அதனோடு திணையையும் மொழிபெயர்ப்பாளர் தேர்ந்துவிடுகிறார். குருதியுண்ணும் கோமகனை உயர்திணையிலும், அவன் எழுப்பிய பிணப்படையை அஃறிணையிலும் வைப்பது பொருத்தம். அப்படைக்குத் தனக்கெனச் சித்தம் இல்லை. ஆர்க்குகளை அஃறிணையாக்கினால், அவற்றைக் கொல்வது வேட்டையாகும், உயர்திணையாக்கினால் போராகும். மேலே ‘ஆர்க்குகள்’ என்றெழுதிய இக்கட்டுரையும், ‘பசுந்தோலர்’ என்றெழுதிய அதே கட்டுரையும், இவ்வினாவை இரண்டு வகையில் விடுத்துள்ளன. ஆடுபவர் அவ்வணியின் தலைமையையே ஏற்று ஆடலாம் என்பதனால் உயர்திணையே தகும்.

விளிப்பெயரும் ஏவலும் சிறிதே சொல்லத்தக்கவை. ஆடுபவரை அரசராக எண்ணி அறிவுரையாளர் பேசுகிறார். அவர் வாயில் ‘தாங்கள்’ வருவதே இயல்பு. எதிரணித் தலைவர்க்கு ஆங்கிலத்தில் ஒரே முன்னிலைப் பெயர். தமிழில் நட்பின் அளவு குறையக் குறையத் ‘தாங்கள்’ ‘நீர்’ ஆகி, ‘நீ’ ஆகலாம். எண்ணைப் பாராமலே உறவின் நிலை ஆடுபவர்க்குத் தெரிந்துவிடும். பொத்தான்களில் மட்டும் அரசருக்கே ‘அழி’ என ஏவல் ஒருமை வருகிறது. கணிப்பொறித் தமிழில் ‘சேமி’, ‘திற’, ‘அழி’ என்பன நிலைபெற்றுவிட்டமையால் இது இப்போது எவரையும் உறுத்தாது. ஆனால் நகரை அழித்தலும் சேமித்த ஆட்டத்தை அழித்தலும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. முன்னதற்கு ‘இடித்தழி’, பின்னதற்கு ‘நீக்கு’ எனப் பிரித்தெழுதாவிடில், அறுபது முறை ஆடி வளர்த்த பேரரசு ஒரு சொல்லின் இருபொருளால் மறையக்கூடும்.