செஸ்னா 172எஸ்: மணிக்கணக்கு விமானத்துடையது, மைல்கணக்கு காற்றுடையது

நான்கு இருக்கை, 180 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை லைகாமிங் இன்ஜின், இறங்கும்போது பிழை பொறுக்கும் நிதானமான இறக்கை: பயிற்சி விமானமாக செஸ்னா 172எஸ் ஸ்கைஹாக்கைக் குறை சொல்வது கடினம். ஆனால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகும் வாகனமாக அதை எடைபோடும்போது, அது எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வி வருகிறது. கையேடு அதற்கு இரண்டு விடை தருகிறது. 8,500 அடியில் 75 சதவீத ஆற்றலில் ஓட்டினால் 518 கடல் மைல், 4.26 மணி நேரம். 10,000 அடியில் 45 சதவீத ஆற்றலில் ஓட்டினால் 638 கடல் மைல், 6.72 மணி நேரம். இரண்டும் 53 கேலன் எரிபொருளில், 45 நிமிட இருப்பைத் தொடாமல் போட்ட கணக்கு. காற்றே வீசாத வானம் என்பதும் அந்தக் கணக்கின் நிபந்தனை. மெதுவாகப் போனால் 120 மைல் லாபம் என்று இதைப் படிப்பவர் நினைப்பது இயல்பு. அந்த லாபம் எப்போது கிடைக்கும், எப்போது கரையும் என்பதுதான் இந்த விமானத்தை வாங்குபவருக்குத் தெரியவேண்டியது.

முதலில் இறக்கை. காற்றை அது எந்தச் சாய்வில் எதிர்கொள்கிறதோ அதுவே தாக்குகோணம். கோணம் பெரிதானால் தூக்குவிசையோடு அதன் விலையான தூண்டல் இழுவையும் ஏறும். கோணம் சிறிதாகி வேகம் கூடினால் உடற்பகுதியின் உராய்வு இழுவை ஏறும். இரண்டுக்கும் நடுவே தூக்குவிசைக்கும் இழுவைக்குமான விகிதம் உச்சம் தொடும் ஒரு கோணம் உண்டு. காற்றில்லாத வானில் புரொப்பெல்லர் விமானம் அதிக தூரம் போவது ஏறத்தாழ அந்தக் கோணத்தில்தான். முழு எடையான 2,550 பவுண்டில் 172எஸ்ஸுக்கு அது 68 நாட் வேகம். இன்ஜின் நின்றால் சறுக்கிவரச் சொல்லும் அதே வேகம். எடை 2,000 பவுண்டாகக் குறைந்தால் வேகம் 60 நாட்டாக இறங்கும், கோணமோ மாறாது. தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் நீட்டவேண்டுமானால் கோணம் இன்னும் பெரிதாக வேண்டும். கோட்பாட்டின்படி அந்த வேகம் முந்தையதில் 76 சதவீதம். இந்த விமானத்தில் அது இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டால் வேகத்தின் வாசலிலேயே போய் நிற்பதால், பாதுகாப்பு இடைவெளி விட்டுத்தான் பறக்க முடியும்.

நேரம் வேறு, தூரம் வேறு என்பதற்கு 172 ரகத்தின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1958 டிசம்பரில் லாஸ் வேகாஸில் கிளம்பிய ராபர்ட் டிம், ஜான் குக் இருவரும், சாலையில் ஓடும் லாரியிலிருந்து எரிபொருளை ஏற்றிக்கொண்டு 64 நாள், 22 மணி, 19 நிமிடம் தரை தொடாமல் பறந்து, 1959 பிப்ரவரியில் அதே ஊரில் இறங்கினார்கள். அந்தச் சாதனைக்குப் போய்ச் சேர வேண்டிய ஊர் என்று ஒன்று இல்லை. இருக்கும் எரிபொருளில் பறக்கக்கூடிய நேரத்தைச் சீரான காற்று கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அது தின்பது தரையில் கடக்கும் தூரத்தை. கையேட்டின் மணிக்கணக்கை வைத்துப் பெருக்கிப் பார்க்கலாம். 30 நாட் எதிர்காற்றில் 638 மைல் 436 ஆகச் சுருங்கும், 518 மைல் 390 ஆகும்; லாபம் 120லிருந்து 46க்கு விழுந்துவிட்டது. எதிர்காற்று 49 நாட்டை எட்டினால் இரண்டும் சுமார் 309 மைலில் சமமாகும், அதற்கு மேல் வேகமாகப் போவதே சிக்கனம். பின்காற்று 30 நாட் என்றால் மெதுவான பறப்பின் லாபம் 194 மைலாக வளரும். அதிக நேரம் காற்றில் இருப்பவரைக் காற்று அதிக நேரம் தள்ளுகிறது, அவ்வளவே.

போகும்போது எதிர்த்த காற்று திரும்பும்போது உதவும், கணக்கு நேராகிவிடும் என்பார்கள். ஆகாது. 100 நாட் விமானம் 150 மைல் போய்த் திரும்ப, காற்றில்லாமல் 3 மணி ஆகும். 20 நாட் காற்றில் 3.125 மணி. எதிர்காற்றில் கழியும் நேரம் நீளமானது என்பதால் இழப்பு எப்போதும் மிஞ்சும். 68 நாட்டில் யார் ஊர்வார் என்பது அடுத்த ஆட்சேபம், நியாயமானதும்கூட. ஆனால் 32 சதவீதம் வேகம் கூட்டி 90 நாட்டில் பறந்தால், மைலுக்கான எரிபொருள் ஏறத்தாழ 15 சதவீதமே கூடும். எதிர்காற்றில் அந்த விலையும் குறைந்துவிடும். விமானி முன்னுள்ள கார்மின் ஜி1000 திரை காற்றையும் மீதி தூரத்தையும் காட்டுகிறதே என்றால், அது இப்போதைய வேகத்தின் விளைவைச் சொல்கிறது. எந்த வேகம் சரி என்பதை விமானி தானே முடிவு செய்ய வேண்டும்.

குறை இங்கேதான். அடிப்படை வடிவில் இந்த விமானத்தில் தாக்குகோணத்தை உணர்வது இடது இறக்கையின் முன்விளிம்பிலுள்ள ஸ்டால் எச்சரிக்கை ஊதி மட்டுமே. 2014இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சிறுவிமானங்களுக்கான தாக்குகோணக் கருவிகளின் ஒப்புதலை எளிதாக்கியது. அவையும் பெரும்பாலும் ஸ்டாலைத் தவிர்க்கவே விற்கப்படுகின்றன. நெடுந்தூரப் பயணத்துக்கு 172எஸ் வாங்குபவர் அந்தக் கருவியைக் கேட்டுப் பொருத்துவது நல்லது. சிறந்த சறுக்கல் கோணத்துக்கு அதில் குறி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். பயணத் திட்டத்தில் கையேட்டின் மைல்களை நம்பாமல் மணிகளை எடுத்துக்கொண்டு, அன்றைய காற்றில் கிடைக்கும் தரைவேகத்தால் பெருக்கவேண்டும். எதிர்காற்று வலுத்த நாளில் 45 சதவீத ஆற்றல் என்ற பழக்கத்தை விட்டு வேகம் கூட்டலாம். பின்காற்று நாளில் த்ராட்டிலைத் தயங்காமல் பின்னிழுக்கலாம்.