தச்சனுக்குச் சூட்டிய முடி

விடியற்காலையில் வாலாஜாபாத் சாலையில் நிற்பவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்து வரும் பேருந்துகள், இரவுப்பணி முடித்த இளைஞரை ஆங்காங்கே இறக்கிவிட்டுச் செல்கின்றன. ஊர் எழுகின்ற நேரத்தில் அவர்கள் உறங்கப் போகின்றார்கள். ஞாயிறு திருப்பலியில் அவர்களுள் ஒருவன் கண்ணயர்ந்தால் நாம் முகம் சுளிக்கிறோம். செபிக்க நேரமுள்ளவர்க்கு மட்டுமே இறையருள் உரியதோ? இந்த வினாவோடுதான் அண்மையில் தேம்பாவணியை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

இத்தாலியில் 1680-இல் பிறந்து, 1747-இல் மறைந்த வீரமாமுனிவர் 1726-இல் பாடி முடித்த பெருங்காப்பியம் அது. மூன்று காண்டங்கள், முப்பத்தாறு படலங்கள், 3615 விருத்தங்கள். அவர் தேர்ந்த தலைவன் யார்? நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லேனும் பேசாத சூசையப்பர். அவரையே ‘வளன்’ என்று தமிழாக்கி முனிவர் நம்முன் நிறுத்தினார். காப்பியத்திற்கு ஒப்பற்ற தலைவன் வேண்டும் என்றும், அவன் மணமுடித்தலும் முடிசூடலும் பாடப்பெற வேண்டும் என்றும் தண்டியலங்காரம் வகுத்திருந்தது. மன்னர்க்கென வகுத்த அவ்விலக்கணத்தைக் கைத்தொழில் செய்து பிழைத்த ஒருவருக்குப் பொருத்தியது தமிழுக்குப் புதுமை. தாவீதின் குலத்தவர் என்னும் பெருமை அவருக்கு உண்டு. ஆனால் அரியணை இல்லை. ஆகவே முனிவர் அம்முடியை விண்ணகத்தில் சூட்டுவித்து நூலை நிறைவு செய்கிறார்.

இங்கே ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அற்புதங்களும், நீண்ட அறவுரைகளும், பழைய ஏற்பாட்டுக் கிளைக்கதைகளும் திரண்டு வரும்போது தச்சன் கண்ணுக்கு மறைந்து போகிறான். உளியின் ஓசையைவிட வானவர் பண்ணே மிகுதியாகக் கேட்கிறது. நற்செய்தியில் மௌனமாய் இருந்தவரைக் காப்பியம் பெரிதும் பேச வைத்துவிட்டது. பட்டறைப் புழுதியிலிருந்து அவரை உயர்த்துவதே அவருக்குச் சிறப்பு என்று கருதினால், அப்புழுதியில் அருள் இல்லை என்றல்லவா பொருள்படும்?

ஆயினும் முனிவரின் நூலிலேயே இதற்கு மறுமொழி உண்டு. இளமையில் துறவை நாடிக் காட்டுக்குப் புறப்பட்ட வளனை வானவர் ஒருவர் எதிர்ப்பட்டுத் திருப்பி அனுப்புகிறார். மக்களிடையே இருந்து அறம் செய்வதே மேலானது என்பது அவர் அறிவுரை. துறவு பூண்டு கடல் கடந்து வந்த ஒருவர் இதனைப் பாடினார் என்பது சிந்திக்கத்தக்கது. பின்னர் வரும் ‘ஈரறம் பொருத்து படலம்’ இல்லறமும் துறவறமும் ஒரே வீட்டில் இணையக் கூடும் என்பதைத் தன் பெயராலேயே உணர்த்துகிறது.

அதைவிட ஆழமானவை ‘ஐயந்தோற்று படலமும்’ ‘ஐயநீங்கு படலமும்.’ மரியன்னை கருவுற்றிருப்பதை அறிந்த கணவன் படும் துயரம் அங்கே விரிகிறது. மத்தேயு சில வரிகளில் கூறியதற்கு முனிவர் இரு படலங்களை ஒதுக்கினார். நீதிமானாகிய அவர், அவளுக்கு இழுக்கு நேராதபடி மறைவாக விலகிவிட எண்ணினார் என்கிறது நற்செய்தி. விளக்கம் கிடைக்கும் முன்னரே, தன் நெஞ்சு எரியும்போதே, அடுத்தவர் மானத்தைக் காக்க நினைத்தார். அருள் வானவர் வந்த பின் தொடங்கியதன்று. அந்த எண்ணத்திலேயே அது வேலை செய்துகொண்டிருந்தது. காப்பியத்தின் முடிசூட்டு விழாவைவிட இந்த இடமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. மத்தேயு நற்செய்தியில் சூசையப்பர்க்கு இறைச் செய்தி வந்ததெல்லாம் உறக்கத்தில்தான். கனவு கண்டார், எழுந்தார், சொன்னதைச் செய்தார். எகிப்துக்குப் புறப்பட்டதும் இரவில்தான். உழைத்துக் களைத்தவனின் உறக்கத்தையும் இறைவன் வீணென்று தள்ளவில்லை.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 அன்று சூசையப்பரைப் பற்றித் திருமடல் எழுதி, பகட்டின்றித் தம் கடமையைச் செய்வோரை அவரோடு சேர்த்து நினைவுகூர்ந்தார். இவ்விரண்டும், முனிவர் தொடங்கிய பணியை எளிய வாழ்வின் பக்கம் திருப்பின எனலாம்.

தேம்பாவணி பெயரளவில் போற்றப்படுகிறது, படிப்பவர் சிலரே. விருத்தத்தின் கடுமைக்கு அஞ்சுவோர், ஐயம் தோன்றி நீங்கும் அவ்விரு படலங்களையேனும் உரையோடு படிக்கலாம். படித்த பின் கோவிலில் கண்ணயரும் அந்த இளைஞனைப் பாருங்கள். சக பணியாளன் தவறியபோது அவனைக் காட்டிக் கொடுத்து நற்பெயர் தேடாமல், அருகிருந்து வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு அவன் வந்திருக்கக் கூடும். அவன் உறங்கட்டும். எழுப்ப வேண்டியவர் எழுப்புவார்.