செய்தியும் கருத்தும்

“இந்த நூல் வெறும் குப்பை!” என்கிறார் ஒரு திறனாய்வாளர். “இவர் பிறர் நூலைத் திருடி எழுதினார்!” என்கிறார் இன்னொருவர். இரண்டும் சுடுசொற்களே, எழுதியவர் நெஞ்சில் இரண்டும் தைக்கும். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. முன்னது கருத்து, பின்னது செய்தி. கருத்துக்குக் காரணம் கேட்கலாம். செய்திக்கோ சான்று வேண்டும். சான்றில்லாவிடில் அது பழிச்சொல்.

இந்த வேறுபாட்டை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 499ஆம் பிரிவில், ஒரு நூல் மதிப்புரையை எடுத்துக்காட்டாகக் கொண்டே விளக்கியது. நூல் அறிவற்றது, ஆகவே ஆசிரியர் அறிவு குன்றியவர் என்று நல்லெண்ணத்தோடு எழுதினால் குற்றமில்லை. அம்முடிவு நூலிலிருந்து பிறந்தது. ஆசிரியர் ஒழுக்கங்கெட்டவர், அவர் நூல் இப்படித்தான் இருக்கும் என்று எழுதினாலோ பாதுகாப்பில்லை. அம்முடிவு நூலிலிருந்து பிறந்ததன்று. 2024 சூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவும் அதே கோட்டைத்தான் காக்கிறது. நல்ல கோடு! திறனாய்வென்ற பெயரால் வசைபாடுவோர் படிக்கவேண்டிய பாடம்.

“என் கருத்துப்படி அவர் பொய்யர்” என்று சொல்லித் தப்ப முயல்வோரும் உண்டு. முகமூடி அணிந்தால் முகம் மாறிவிடுமா? ஒகையோ மாநில மல்யுத்தப் பயிற்சியாளர் ஒருவரின் வழக்கில், 1990இல், அமெரிக்க உச்சநீதிமன்றம் இந்த முகமூடியைக் கழற்றியது. உண்மையா பொய்யா என்று மெய்ப்பிக்கக்கூடிய கூற்று, ‘கருத்து’ என்று பெயர் சூட்டிக்கொண்டாலும் செய்தியே என்றது.

நூலுக்கு மட்டுமா இந்த நெறி? நாட்டு நடப்புக்கும் இதுவே. திருவண்ணாமலையில் கிரிவலம் வருவோர் மலையை நோக்குவர். குறைதீர வருவோர் வேங்கிக்காலை நோக்குவர். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கேதான். மனுவோடு நிற்கும் உழவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். “பட்டா மாறுதல் கேட்டு ஆறு மாதம் ஆயிற்று” என்றால் செய்தி; தேதியைக் காட்டி மெய்ப்பிக்கலாம். “நிர்வாகம் தூங்குகிறது” என்றால் கருத்து. அந்தச் செய்தியின்மேல் நிற்கிறது. “கையூட்டுக் கேட்டார்கள்” என்றால் மீண்டும் செய்தி, சான்று தேவை. பொது ஊழியரின் பணியைப் பற்றிய நல்லெண்ணக் கருத்துக்குச் சட்டத்தின் இரண்டாம் விலக்கு இடமளிக்கிறது.

ஏட்டில் இவ்வளவு தெளிவு! நடைமுறையில்? செய்தியா கருத்தா என்பது பெரும்பாலும் வழக்கின் முடிவில்தான் தெரிகிறது. நல்லெண்ணத்தை நிலைநாட்டும் சுமையோ குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில்! உண்மையைச் சொன்னேன் என்றாலும் போதாது. பொதுநன்மைக்காகச் சொன்னேன் என்றும் காட்டவேண்டும். தீர்ப்பு வருமுன் வாய்தாவே தண்டனையாகிவிடுகிறது.

ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தபோது எழுந்த வழக்கில், 1994இல் உச்சநீதிமன்றம், வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு உரிமையில்லை என்றது. அலுவலரின் கடமை பற்றி எழுதுவோர், செய்தியைத் தக்கவாறு சரிபார்த்திருந்தாலே இழப்பீட்டு வழக்கில் போதும் என்றும் கூறியது. ஆனால் குற்றவழக்கு என்னும் வாள் தொங்கிக்கொண்டே இருந்தது. 2016இல் அதே நீதிமன்றம் அது செல்லும் என்றது. என். ராம், நக்கீரன் கோபால் முதலியோர்மீது 2012இல் தமிழக அரசு தொடுத்த வழக்குகளைச் சென்னை உயர்நீதிமன்றம் தள்ளியது 2020 மே திங்களில். எட்டாண்டு! பெயர்பெற்ற ஏட்டாசிரியர்க்கே இந்நிலை என்றால், வேங்கிக்காலில் மனுவோடு நிற்பவர் வாய் திறப்பாரா?

எழுதுவோர் சான்றைத் தேடிவிட்டுச் சொல்லைத் தேடட்டும். அது அவர் கடன். வழக்கை ஏற்குமுன், “இது செய்தியா, கருத்தா?” என்று மன்றம் வாயிலிலேயே கேட்கட்டும், அது மன்றத்தின் கடன். புறங்கூறாதே என்று குடிக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர், கசக்கும் சொல்லைப் பொறுத்துக்கொள் என்று கோலேந்துவோர்க்கும் சொல்லத் தவறவில்லை. முன்னதை மட்டும் படித்த ஆட்சி பாதிக் குறளையே படித்த ஆட்சி!