பட்டும் பிளினியின் முறைப்பாடும்

உரோம அறிஞர் பிளினி கி.பி. 77ஆம் ஆண்டளவில் இயற்றிய ‘இயற்கை வரலாறு’ ஒரு முறைப்பாட்டை முன்வைக்கின்றது. இந்தியா, சீனம், அராபியா ஆகியன ஆண்டுதோறும் பத்துக்கோடி செஸ்தர்சு நாணயங்களை உரோமப் பேரரசிலிருந்து கவர்கின்றன என்பதே அது. ஆடம்பரத்தையும் பெண்களையுமே அவர் அதற்குக் காரணமாகச் சுட்டுகின்றார்.

இக்கூற்று மறுபரிசீலனைக்குரியது. ஆண்கள் பட்டணிதலை உரோம செனற் சபை கி.பி. 16இலேயே தடைசெய்தது. ஆண்களும் அணிந்தமையாலன்றோ தடை வேண்டப்பட்டது?

சீனப் பட்டு மரத்தின் இலைகளிலிருந்து வாரியெடுக்கப்படுவதென்றே பிளினி எழுதினார். இவ்வறியாமை தனிமனிதக் குறையன்று. வாணிக அமைப்பின் விளைவாகும். இரு பேரரசுகளுக்குமிடையே பார்த்தியர் முதலான இடைத்தரகர் நின்றனர். கி.பி. 97இல் உரோமை நாடிப் புறப்பட்ட சீனத் தூதர் கான் யிங், பார்த்திய எல்லை மாலுமிகள் கடற்பயணத்தின் இடர்களை எடுத்துரைக்கக் கேட்டுத் திரும்பினாரெனச் சீன வரலாற்றேடு கூறும். விற்றோரும் வாங்கியோரும் ஒருவரையொருவர் அறியாதிருத்தல் இடைநின்றோருக்கு இலாபமாயிற்று.

உரோமத் திறைசேரியும் இதில் பங்குகொண்டது. கீழைத்தேயப் பொருள்களின்மீது எல்லையில் 25 வீதச் சுங்கம் அறவிடப்பட்டது. ஈட்டியோரை விடுத்து அணிந்தோரைப் பழிக்கும் ஒழுக்கவியல் நோக்கு, சுரண்டலை மறைக்கும் திரையேயாகும். அத்திரையை விலக்கிப் படிக்கும்போதே பிளினியின் நூல் வரலாற்றுச் சான்றாகப் பயன்தரும்.