மேசையிலிருந்து மொட்டை மாடிக்கு

மைக்ரோகண்ட்ரோலர் என்னும் நுண்கட்டுப்படுத்தி, ஒரே சில்லுக்குள் அடங்கிய முழுக் கணினி. செயலி, நினைவகம், நேரங்காட்டி, வெளியுலகோடு மின்சாரத்தால் பேசும் முனைகள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். துணி துவைக்கும் இயந்திரத்திலும் இண்டக்‌ஷன் அடுப்பிலும் பைக்கின் மீட்டரிலும் கண்ணில் படாமல் வேலை செய்வது இதுதான். பொழுதுபோக்காக வீட்டு மேசையில் இதை நிரலாக்கி விளக்கு, மோட்டார், உணரி என எதையாவது இயக்கிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தொடங்குவது ஆர்டுயினோ ஊனோ பலகையில். அதன் பரவலான பதிப்பிலுள்ள ஏ.டி.மெகா 328பி சில்லு 8 பிட் வகை. வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். நிரலுக்கு 32 கிலோபைட் இடம். ஓடும்போது கணக்குகளை வைத்துக்கொள்ள வெறும் 2 கிலோபைட். இந்தப் பத்தியின் தமிழ் எழுத்துகளைக்கூட அந்த 2 கிலோபைட்டில் அடக்க முடியாது. ஆனாலும் ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டியையோ தோட்டத்தையோ கவனித்துக்கொள்ள அது தாராளம்.

இந்தப் பலகை பொறியாளர்களுக்காகப் பிறந்ததல்ல. இத்தாலியின் இவ்ரேயா நகரில் இருந்த ஊடாட்ட வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் படித்தவர்கள் வடிவமைப்பாளர்களும் கலைஞர்களும். அப்போது பொழுதுபோக்காளர்களிடம் புழங்கிய பேசிக் ஸ்டாம்ப் என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகை, 1992இல் வந்த அமெரிக்கச் சரக்கு. மாணவர் கைக்கு விலை அதிகம். 2003இல் கொலம்பியரான எர்னாண்டோ பாராகான் தம் முதுகலை ஆய்வுக்காக அங்கே ‘வயரிங்’ என்ற தளத்தை உருவாக்கினார். அதன் தோள்மீது ஏறி, 2005இல் அங்கே கற்பித்த மாசிமோ பான்சியும் கூட்டாளிகளும் ஆர்டுயினோவைக் கொண்டுவந்தார்கள். பெயர் உள்ளூர் மதுக்கடை ஒன்றின் பெயர். அந்தக் கடைக்கோ பழைய அரசன் ஒருவனின் பெயர். பாராகானுக்கு உரிய பெருமை நெடுங்காலம் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மின்னணுவியல் தெரியாதவரும் ஒரு பொருளை அசைய வைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இப்பொழுதுபோக்கின் நிறைகளில் பாதியும் குறைகளில் பாதியும் இந்த நோக்கத்திலிருந்தே கிளைக்கின்றன.

முன்பெல்லாம் ஒரு சில்லுக்குள் நிரலை ஏற்றத் தனிக் கருவி வேண்டும். எந்தப் பதிவேட்டின் எந்த பிட்டை மாற்றினால் எந்த முனை உயிர்பெறும் என்று சில நூறு பக்கத் தரவுத்தாளைப் புரட்ட வேண்டும். ஆர்டுயினோ அதையெல்லாம் ஒரு யு.எஸ்.பி. கேபிளுக்கும் ‘டிஜிட்டல்ரைட்’ என்ற ஒற்றைக் கட்டளைக்கும் பின்னால் ஒளித்துவிட்டது. முதல் நாள் மாலையிலேயே எல்.இ.டி. மினுக்கும். அந்த மினுக்கலைக் கேலி செய்யும் பொறியாளர்கள் உண்டு. ஆனால் தான் எழுதிய ஒரு வரி, திரைக்கு வெளியே ஒரு பொருளை மாற்றுவதைப் பார்க்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சிறிய விஷயமல்ல. பள்ளிப் பாடத்தில் வெறும் சமன்பாடாக நிற்கும் ஓம் விதி, மின்தடை போடாமல் ஒரு எல்.இ.டி.யைக் கருக்கிய பிறகு கையோடு பதிந்துவிடுகிறது. தவறின் விலையும் குறைவு. போனால் ஒரு பலகை போகும்.

இன்னொரு நிறை, திறந்த வடிவமைப்பு. பலகையின் மின்சுற்று வரைபடம் வெளிப்படையாகக் கிடைக்கிறது. பெயர் மட்டுமே வணிகக் குறியீடு. அதனால் அதைப் பார்த்துச் செய்த நகல் பலகைகள் திருட்டுச் சரக்கல்ல. ஆர்டுயினோ என்ற பெயரைப் பொறித்து விற்றால்தான் குற்றம். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் இந்த நகல்கள் இல்லாவிட்டால், நம் பள்ளி மாணவர்களிடம் இப்பழக்கம் பரவியிருக்காது. 2014இல் ஷாங்காயின் எஸ்பிரஸிஃப் நிறுவனம் கொணர்ந்த இ.எஸ்.பி. 8266 சில்லு, வைஃபையையும் அதே மலிவில் சேர்த்தது. 2021 ஜனவரியில் ராஸ்பெரி பை பிக்கோ 4 டாலருக்கு வந்தது.

இனி மறுபக்கம். ஒளித்து வைத்தது எளிமைக்காக என்றாலும், ஒளிந்திருப்பது அங்கேயேதான் இருக்கிறது. தொடக்கப் பாடம் எல்லாவற்றிலும் ‘டிலே’ என்ற கட்டளை வரும். குறித்த நேரம் காத்திரு என்று அதன் பொருள். காத்திருக்கும் அந்த நேரத்தில் நிரல் வேறெதையும் கவனிக்காது. விளக்கை மினுக்க இது போதும். விளக்கும் மினுக்க வேண்டும், பொத்தானும் பார்க்க வேண்டும் என்றவுடன் எல்லாம் குளறுபடி. அடுத்து ‘மில்லிஸ்’ என்ற கடிகாரத்தைப் பிடிக்கிறார்கள். அது 32 பிட் எண், 49.7 நாளில் நிரம்பி மீண்டும் சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கும். இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்துப் பார்க்கும் நிரலுக்கு ஒன்றும் ஆகாது. வரப்போகும் நேரத்தைக் கூட்டி வைத்து ஒப்பிடும் நிரல் அன்று தடுமாறும். ஐம்பதாவது நாளில் வரும் கோளாறை யாரும் நிரலோடு முடிச்சுப் போடுவதில்லை; சென்சார் போய்விட்டது என்று புதிது வாங்கி மாட்டுவார்கள். மாட்டும்போது பலகையை அணைத்துப் போடுவதால் கோளாறும் மறைந்துவிடும்!

தமிழ்நாட்டு வீடுகளில் மிகுதியாகச் செய்து பார்க்கப்படும் ஒன்றை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தும் கருவி. எச்.சி.–எஸ்.ஆர்.04 என்னும் மீயொலி உணரி 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். மேசைமீது வாளித் தண்ணீரில் அழகாக வேலை செய்யும். ஒலியின் வேகம் வெப்பத்தோடு மாறுமே என்று கவலைப்பட்டுத் திருத்தக் கணக்கு எழுதுவோர் பலர். 25 டிகிரிக்கும் 40 டிகிரிக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான்; தொட்டிக்கு அது பொருட்டே அல்ல. உணரியைக் கொல்வது வேறு: மூடிய தொட்டிக்குள் இரவெல்லாம் படியும் ஈரம். திறந்த கண்களுள்ள அந்த மலிவான உணரி அங்கே நெடுநாள் தாங்காது. மாடியிலிருந்து கீழே வரும் நீண்ட ஒயரோ, மோட்டார் கிளம்பும்போதெல்லாம் இரைச்சலை வாங்கிப் பொய்யான அளவைக் கொடுக்கும்.

மோட்டார் பக்கம் நிலைமை இன்னும் மோசம். மோட்டாரைப் போட்டு நிறுத்தும் நீல நிறச் சிறு ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது இழுப்பது ஐந்தாறு ஆம்பியர்தான், ஆகவே போதும் என்று தோன்றும். கிளம்பும் கணத்தில் அதே மோட்டார் பல மடங்கு இழுக்கும். சில வாரங்களில் ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். நிரல் ‘நிறுத்து’ என்கிறது, திரையில் ‘ஆஃப்’ என்று எழுத்து ஒளிர்கிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதற்கு ரிலேயைக் கொண்டு, மோட்டார் மின்சாரத்தைத் தாங்கும் பெரிய சுவிட்சான ஒரு காண்டாக்டரை இயக்க வேண்டும் என்பது எந்த எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும். செயல்முறைப் பாடங்களில் பெரும்பாலும் இருக்காது. கரண்ட் போய் வரும்போது இன்னொரு வேடிக்கை. பல ரிலே பலகைகள், முனை தாழ்நிலையில் இருந்தால் இயங்கும் வகை. முனையை வெளியீடாக அறிவித்த பிறகு உயர்நிலையில் வைக்கும்படி நிரல் எழுதியிருந்தால், இடைப்பட்ட நொடித்துளியில் ரிலே ஒருமுறை ‘டக்’ என்று அடித்து ஓயும். இரண்டு வரிகளை இடம் மாற்றினால் தீர்ந்தது. அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று தேடும் பொறுமைதான் அரிது. 230 வோல்ட் ஓடும் செம்புத் தடம், மூடியில்லாத பலகையில், ஈரமான மாடியில் கிடப்பதை மட்டும் வேடிக்கை என்று விட முடியாது. மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

கற்றல் என்ற வாதமும் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. கல்லூரி இறுதியாண்டில் ப்ராஜெக்ட் சென்டர்களில் காசு கொடுத்து வாங்கிவரும் கருவிகளில் பல, இதே பலகையும் இதே உணரிகளும்தான். தானியங்கிக் குப்பைத்தொட்டி, கோட்டைத் தொடரும் வண்டி, செடிக்குத் தண்ணீர் விடும் கருவி என்று பட்டியல் ஆண்டுதோறும் மாறாமல் வருகிறது. செடிக்குத் தண்ணீர் விடும் கருவியில் மண்ணில் செருகும் இரட்டைக் கால் உணரியில் எந்நேரமும் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால், மின்னாற்பகுப்பால் அதன் பூச்சு சில வாரங்களில் அரித்துப் போகும். அளக்கும் நேரத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் பல மடங்கு நாள் வரும். மின்தேக்கி வகை உணரிக்கு இந்தச் சிக்கலே இல்லை. மதிப்பெண் போடும் நாளில் கருவி வேலை செய்தாலே போதும் என்னும் இடத்தில் இந்தக் கேள்வி எழ வாய்ப்பில்லை.

தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவது மட்டும்தான் தேவையென்றால், கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஃப்ளோட் சுவிட்சும் ஒரு காண்டாக்டரும் ஆர்டுயினோவை விட நம்பகமானவை. அதில் நிரலும் இல்லை, மீளத்தொடங்கும் சிக்கலும் இல்லை. ஆனால் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடியது என்பதை ஃப்ளோட் சுவிட்சால் சொல்ல முடியாது. நுண்கட்டுப்படுத்திக்கு உரிய வேலை அதுதான். அதே தொட்டி நிரம்ப எடுக்கும் நேரம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால், ஆழ்துளைக் கிணற்றில் நீர் இறங்குகிறது, அல்லது பம்ப் தேய்கிறது. அந்தக் கணக்கை ஏ.டி.மெகா 328பி, மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தில் எழுதி வைக்கும். ஈப்ராமின் ஒவ்வோர் இடமும் ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும். நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதும் நிரல் 69 நாளில் அந்த வரம்பைத் தொடும். மோட்டார் நின்ற பிறகு மட்டும் எழுதும் நிரல், நாளுக்கு இரண்டு முறை மோட்டார் போடும் வீட்டில், 130 ஆண்டுக்கு மேல் தாங்கும்.