எஞ்சின் சரி, கிணறு எங்கே?

நாளை மறுநாளைப் பற்றிப் பேசும் அறிவியல் புனைகதையைப் பாராட்ட இப்போது ஒரே வாக்கியம் போதும் என்றாகிவிட்டது: 'இயற்பியல் சரியாக இருக்கிறது.' உந்துவிசையும் உலையின் எடையும் கணக்கில் இடித்துக்கொள்ளாவிட்டால் நாவலுக்கே சான்றிதழ் கிடைத்துவிடுகிறது.

இந்தக் கண்டிப்பால் நன்மை உண்டு. ஆண்டி வியரின் 'தி மார்ஷியன்' நாவலில் விண்கலம் அணு உலை மின்சாரத்தில் அயனி எஞ்சின்களை ஓட்டி மெல்ல மெல்லத்தான் வேகம் கூட்டுகிறது; கதையின் நெருக்கடிக்கு அந்த மந்தமும் ஒரு காரணம். ஒப்புக்கொள்கிறேன்.

என் குறை வேறு. சாத்தியத்தை எஞ்சினுக்குள் மட்டுமே அளக்கிறார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தின் அணுக்கரு இணைவுச் சோதனையில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலுக்கு 3.15 மெகாஜூல் கிடைத்ததை உலகமே கொண்டாடியது. லேசர்களை இயக்க மின்கம்பியிலிருந்து இழுத்ததோ சுமார் 300 மெகாஜூல். எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோமோ, அதற்கேற்ப லாபம்.

அந்தக் கோட்டை இலங்கையில் ஒரு மின்நிலையத்தைச் சுற்றிப் போட்டுப் பார்ப்போம். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பக்கம், நிலத்துக்கடியில் இருக்கிறது 120 மெகாவாட் உமா ஓயா மின்நிலையம். மலையைக் குடைந்து 15 கிலோமீட்டர் சுரங்கம். இதை யாராவது முன்பே கதையாக எழுதியிருந்தால் எந்தக் கணக்குப்பிள்ளையும் குறை கண்டிருக்க மாட்டார். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது, குடிதண்ணீர் பவுசரில் வந்தது. 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து திறந்துவைத்தார். டர்பைன் சுழல்கிறது.

இதே தீவில் அரை நூற்றாண்டு வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கை எடுத்துக்கொள்வோம். ஹியூகோ, நெபுலா இரண்டும் வென்ற அவருடைய 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' (1979), மலையுச்சியிலிருந்து 36,000 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதைக்கு ஒரு தூக்கி கட்டுகிறது. அதற்காகத் தீவை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தியதை அவரே சொல்லிவிடுகிறார். அந்த நேர்மை பிடிக்கிறது. ஆனால் உச்சியிலிருக்கும் துறவிகள் இடம்தர மறுக்கும்போது என்ன நடக்கிறது? வானிலைக் கட்டுப்பாட்டுச் சோதனையில் கிளம்பிய காற்று, பொன்னிற வண்ணத்துப்பூச்சிகளை உச்சிக்குக் கொண்டுசேர்க்கிறது. பழைய வாக்கு பலித்ததென்று துறவிகள் வெளியேறுகிறார்கள். தூக்கியைத் தாங்கும் இழையின் வலிமைக்கு அத்தனை பக்கம் கணக்கு, இடம்பெயர்வுக்கு ஒரு பூச்சிக்கூட்டம்!

அது தொன்மம், குறியீடு என்று வாதிடுவார்கள். இருக்கட்டும். அப்படியானால் எஞ்சினையும் குறியீடாக்கிவிட்டுப் போயிருக்கலாமே? கதைக்கு மூலமான சிவனொளிபாத மலையின் அடிவாரமெங்கும் தேயிலைத் தோட்டங்கள், லயங்கள். அங்கிருப்பவர்கள் எந்த வாக்குக்காகக் கிளம்புவார்கள்? பண்டாரவளைக்கு வண்ணத்துப்பூச்சி வரவில்லை. 2017இல் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

நாளை ஹப்புத்தளை உச்சியில் இணைவு உலை கட்டப்போகும் எழுத்தாளரே, அதைக் குளிர்விக்கும் தண்ணீர் எந்த ஓயாவிலிருந்து வருகிறது, அந்த ஓயாவை நம்பியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள். எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.