மின்னிலக்கச் சின்னங்களும் சான்றின் இடமும்: ஒரு திறனாய்வு

உயர்கல்வி நிறுவனங்கள் மாணவர்க்கு வழங்கிவரும் மின்னிலக்கச் சின்னங்களைப் பற்றிய கருத்துரைகள் பெரும்பாலும் இருவகையின. அவை மாணவரை ஊக்குவிக்கும் என்பது ஒன்று. வெறும் விளையாட்டுப் பொருள் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சின்னத்தின் புறவடிவை நோக்கி எழுந்தவை. அதனுள் எது எழுதப்படுகிறது, எது எழுதப்படாமல் விடப்படுகிறது என்பதே திறனாய்வுக்கு உரிய வினா என இக்கட்டுரை கருதுகிறது.

தமிழில் இதற்குரிய பெயர் இன்னும் நிலைபெறவில்லை. பேச்சில் ‘பேட்ஜ்’ என்கிறோம். பழைய அலுவலகத் தமிழில் சேவகன் அணிந்த உலோகத் தகட்டுக்கு ‘வில்லை’ என்று பெயர். அவன் யாருடைய ஆள் என்பதை வில்லை சொல்லிற்று. என்ன கற்றவன் என்பதைச் சொல்லவில்லை. இன்று வழங்கப்பெறும் சின்னங்களுட் பல இவ்வில்லைக்கே நெருங்கிய உறவின.

ஆயின் இதனை முதலில் வகுத்தோர் கருதியது வேறு. மொசில்லா அறக்கட்டளை, மெக்கார்த்தர் அறக்கட்டளையின் துணையுடன் 2011இல் அறிவித்த ‘ஓப்பன் பேட்ஜஸ்’ திட்டம், படக்கோப்பு ஒன்றனுள்ளேயே தரவுகளைப் பொதிந்து வைக்க வழி செய்தது. 2017 முதல் இத்தரவரையறையை ஐஎம்எஸ் குளோபல் பேணிவருகிறது. அவ்வமைப்பு 2022இல் ‘ஒன்எட்டெக்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டது. வழங்கியவர், பெற்றவர், நாள், பெறுவதற்குரிய வரன்முறை ஆகியவற்றோடு, மாணவர் செய்த பணியின் சான்றையும் சின்னத்தோடு இணைக்கலாம். ‘இணைக்கலாம்’ என்னும் இச்சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது. இத்தரவரையறையின் இரண்டாம் பதிப்பில் வரன்முறை கட்டாயம், சான்று விருப்பம். விருப்பம் என விடப்பட்ட கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்படும் என்பது படிவம் நிரப்பிப் பழகிய எவரும் அறிந்ததே. ‘சான்றிதழ்’ என்னும் சொல்லிலேயே சான்று இருக்கிறது. இதழில்தான் அஃது இருப்பதில்லை.

பல்கலைக்கழகங்கள் பல பயன்படுத்தும் மூடுல் கற்றல் தளத்தில், 2013இல் வெளியான 2.5 பதிப்பு முதல் சின்னம் வழங்கும் வசதி உண்டு. ஆசிரியர் தாமே மதிப்பிட்டு வழங்கலாம். குறித்த செயற்பாடுகளை மாணவர் முடித்தவுடன் தளமே தானாக வழங்குமாறும் அமைக்கலாம். தம் விவரப் பக்கத்தை நிரப்பியமைக்கே ஒருவர்க்குச் சின்னம் வழங்கவும் அதில் இடமுண்டு! கருவியின் மீது குறையில்லை. எளிய வழி எதுவோ அதுவே நாளடைவில் வழக்கமாகிவிடுகிறது என்பதே கவலைக்குரியது.

யாப்பிலக்கணப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். ‘வெண்பா யாப்பு’ என்றொரு சின்னம் அமைப்பதாகக் கொண்டால், வெண்பாவின் ஈற்றடிக்கு எத்தனை சீர் என்னும் வினாவுக்கு மூன்று என விடையளிப்போர் பலர். நாள், மலர், காசு, பிறப்பு என வாய்பாட்டை ஒப்பிப்போரும் பலர். இவருள் ஒரு வெண்பாவையேனும் இயற்றியவர் எத்தனை பேர்? வினாவிடைத் தேர்வின் முடிவில் தானாக வந்து விழும் சின்னம் இவ்விருவரையும் வேறுபடுத்தாது. மாறாக, மாணவர் இயற்றிய மூன்று நேரிசை வெண்பாக்களும், காய்ச்சீரின் முன் நேர் வரவேண்டிய இடத்தில் நிரை வந்து கலித்தளையாகிப் பிழைத்த முதல் வரைவும், அதனருகே ஆசிரியர் எழுதிய குறிப்பும் சான்றாக இணைக்கப்பெறின், அச்சின்னத்தைக் காணும் அயற்பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமே படித்து முடிவு செய்துகொள்ளலாம். முதல் வரைவை இணைப்பதற்கு மாணவரின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது. தம் பிழையைப் பிறர் காண்பதை எல்லாரும் விரும்பார்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையை இந்நோக்கில் மீண்டும் படிப்பது பயனுடையது. மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் சோழன் அவையில் ஆடித் தலைக்கோற் சிறப்பும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் பெற்றாள் என்பது கதை. அதனை ஓரிரு அடிகளில் கூறி இளங்கோவடிகள் நகர்ந்திருக்கலாம். அவரோ ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவரும் என்னென்ன அறிந்திருத்தல் வேண்டும் என விரித்துரைக்கிறார். ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கினை அளந்து காட்டுகிறார். அதன் பின்னரே ஆடல் நிகழ்கிறது. பரிசின் மதிப்பை அரசன் பெயர் மட்டும் தாங்கி நிற்கவில்லை. பயிற்றியவர் தகுதியும், நிகழ்த்திய இடமும், நிகழ்த்திய முறையும் உடன் நிற்கின்றன. தலைக்கோல் வேந்தன் அவைக்கு உரியது, வகுப்பறைக்கு அன்று என மறுப்போர் இருக்கலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே, எனினும் மதிப்பீட்டின் அடிப்படையைப் பதிவு செய்யும் பொறுப்பு அவையின் பெருமையைச் சார்ந்ததன்று.

சின்னங்களை எதிர்ப்போர் அடிக்கடி சுட்டுவது லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு. படம் வரைவதில் இயல்பான ஆர்வமுடைய மழலையர்க்கு, வரைந்தால் விருது தரப்படும் என முன்னரே கூறி வழங்கியபோது, பின்னர் அவர்கள் தாமாக வரைவது குறைந்தது. ஆயின் எதிர்பாராது விருது பெற்ற குழந்தைகளிடம் அக்குறைவு காணப்படவில்லை என்னும் மறுபாதியை மேற்கோள் காட்டுவோர் விட்டுவிடுகின்றனர். எனவே அவ்வாய்வு சின்னத்தையே விலக்குவதற்கு ஆதாரமாகாது. விருதைத் தூண்டிலாகப் பயன்படுத்துவதற்கே அஃது எச்சரிக்கை.

சரிபார்ப்புத் தொழில்நுட்பம் இக்குறையைத் தீர்த்துவிடும் என்னும் நம்பிக்கையும் பொருத்தமற்றது. சிங்கப்பூர் 2019இல் அறிமுகப்படுத்திய ‘ஓப்பன்சர்ட்ஸ்’ தளம் சான்றிதழ் போலியா என்பதை நொடியில் காட்டும், பயனுள்ள ஏற்பாடு. ஆயின் இந்நிறுவனம் இதனை வழங்கியதா என்பது வேறு. இவர் இதனை அறிவாரா என்பது வேறு. வெறுமையான சான்றுக் கட்டத்தை மறைக்குறியீட்டுக் கையொப்பம் நிரப்பாது.

சான்றை இணைத்தல் ஆசிரியர்க்குப் பெருஞ்சுமை என்பது உண்மை. இருபது பேரின் வெண்பாக்களைத் திருத்தலாம். இருநூறு பேருக்கு இயலாது. ஆகவே ஒரு பாடத்துக்குப் பத்துச் சின்னங்கள் வகுப்பதை விடுத்து ஒன்றோ இரண்டோ வகுப்பதே நேர்மையான வழி. வருகைக்காக வழங்குவதாயின் ‘வருகை’ என்றே அதற்குப் பெயரிடலாம். ‘புலமை’ என வேண்டியதில்லை.

நிருவாகத்தில் ஒன்று உடனே கவனிக்கத்தக்கது. இரண்டாம் பதிப்பில் சின்னம் பெற்றவர் பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரியாலேயே அடையாளம் காணப்படுகிறார். பல்கலைக்கழக முகவரி பட்டம் பெற்றபின் முடக்கப்படின், சின்னம் தம்முடையது என நிறுவ மாணவர்க்கு வழியில்லாது போகும். வழங்கிய தளம் மூடப்படினும் இணைப்பு வழிச் சரிபார்ப்பு நின்றுவிடும். இறுதிப் பருவம் முடியுமுன் மாணவரின் சொந்த முகவரியைப் பெற்றுப் பதிவதும், சான்றுகளின் படியொன்றை அவரிடமே ஒப்படைப்பதும் துறை அலுவலகம் இப்பருவத்திலேயே செய்யக்கூடியவை.